கொட்டாய் வீட்டுக்கு எந்த டிஷ் பாக்ஸ்?

எங்கள் பக்கம் ஊரை விட்டுத் தள்ளி, நிலத்திலேயே வீடு கட்டி நாலைந்து குடும்பம் இருக்கிற இடத்தைக் கொட்டாய் என்போம். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ டவுன் பஸ் ஏறினால் பல ஸ்டாப்புகளின் பெயர் கொட்டாய் என்றுதான் முடியும். அப்பாவும் அம்மாவும் இருப்பது அப்படி ஒன்றில், காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில். மாந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடு. தோப்பின் மறுகோடியில் ஒரு காவல் கொட்டகை. காய் பிடித்ததும் அப்பாவின் ஜாகை அங்கே மாறிவிடும்.

போன சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் இடி மின்னலோடு மழை பிடித்தது. பிளக்கைப் பிடுங்க மறந்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த கட்டண டிடிஎச் பாக்ஸ் அதோடு போயிற்று. அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அரை மணி நேரம் பாட்டு கேட்க வைத்து, கடைசியில் புது பாக்ஸுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கோபம். “மாசாமாசம் கட்டிக்கினே இருக்கறதுக்கு ஒரே தபா ஒண்ணு வாங்கிப் போட்டுடு” என்றார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்டார்: “ராத்திரி சீரியல் வருமா வராதா, அத மட்டும் சொல்லு.”

அப்பா கேட்டது பாக்ஸின் விலை. அம்மா கேட்டது பாக்ஸுக்குள் என்ன வரும் என்று. இரண்டு மாதம் அலைந்து, மூன்று பாக்ஸ் மாட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன், அம்மாவின் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு இருந்த வழிகள் நாலு. கேபிள், கட்டண டிடிஎச், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ், அப்புறம் இன்டர்நெட்.

கேபிள் ஒரு நிமிடத்தில் முடிந்த கதை. அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது டவுனில் இருந்தவர்கள் எல்லாரும் அதற்கு மாறினார்கள். பிறகு டிஜிட்டல் ஆகி செட்டாப் பாக்ஸும் வந்தது. இன்றைக்கும் டவுனில் வீடு இருந்தால், கேபிள்காரர் கூப்பிட்டால் வருகிறவராகவும் இருந்தால், வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. மழையில் படம் போகாது, ஒயர் அறுந்தால் அவரே வந்து கட்டுவார். ஆனால் கொட்டாய்க்கு ஒயர் வர வேண்டுமே. ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் கம்பம் நட வேண்டும் என்றார் கேபிள்காரர். இரண்டு வீட்டுக்காக யார் கம்பம் நடுவார்கள்?

இன்டர்நெட்டும் அப்படித்தான். பைபர் லைன் டவுனோடு நிற்கிறது. போனில் சிக்னல் கிடைப்பது கிணற்று மேட்டில் மட்டும். அங்கே நின்று சீரியல் பார்க்க அம்மா தயார், நான் தயாரில்லை.

ஆக, வானத்தைப் பார்த்தபடி இருக்கும் இரண்டு வழிகள்தான் மிச்சம்.

டிடி ஃப்ரீ டிஷ் புதிது அல்ல. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. நடத்துவது தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்துகிற பிரசார் பாரதி. இப்போது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. 2015 நவம்பரில் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போனது அது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், தலைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாக்ஸ், டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் சின்னக் குமிழ்), ஒயர் வாங்கி மாட்டினால் முடிந்தது. மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜ் இல்லை, போன் நம்பர்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

இதில் என்ன வரும் என்பதுதான் சிக்கல். டிடி தமிழ் வரும். பொதிகை என்று நமக்குத் தெரிந்த அதே சேனல்தான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. டிடி நியூஸ், டிடி கிசான், டிடி ஸ்போர்ட்ஸ், மற்ற மாநிலத் தூர்தர்ஷன்கள், ஸ்வயம் பிரபா, பிஎம் ஈ-வித்யா கல்விச் சேனல்கள், ஆகாசவாணி வானொலிகள் எல்லாம் உண்டு. தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. சினிமா, செய்தி, பக்தி, பாட்டு என்று வரிசை கட்டி நிற்கும். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றும் கட்டணச் சேனல்கள், இதில் வராது. “எல்லாச் சேனலும் ஃப்ரீ” என்று கடையில் சொன்னால், எதெல்லாம் எல்லாம் என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் கிடைப்பதால் ஏப்ரல் 1 வந்தால் பட்டியல் மாறும். பக்கத்து வீட்டில் போன வருடம் வந்த சேனல் உங்கள் வீட்டில் இந்த வருடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் வேறு கணக்கு. கன்னடத்துக்கு டிடி சந்தனா, தெலுங்குக்கு டிடி யாதகிரி இரண்டும் இலவசமாகவே வந்துவிடும். கட்டண டிடிஎச்சில் மூன்று மொழிக்கும் பேக் போட்டால் ரீசார்ஜ் தொகை எங்கே போய் நிற்கும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்திய அணி ஆடும் முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்த படத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளும் டிடிஎச்சும் அதைக் காட்டக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மாதாமாதம் பணம் கட்டுகிற வீட்டில் ஸ்போர்ட்ஸ் பேக் இல்லாமல் பார்க்க முடியாத ஒரு மேட்ச், ஒரு பைசா கட்டாத காவல் கொட்டகையில் ஓடும். எல்லா மேட்சும் இல்லை, ஐபிஎல்லும் அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் அப்பா பாதி சமாதானம் ஆனது இதைக் கேட்டுத்தான்.

இனி பணக் கணக்கு. கட்டண டிடிஎச்சில் எங்கள் பழைய பேக் மாதம் 240 ரூபாய் ஆயிற்று. வருடத்துக்கு 2,880. ஐந்து வருடத்துக்கு 14,400. ஃப்ரீ டிஷ்ஷுக்கு நான் செலவு செய்தது, கடைசியில் நிலைத்த பாக்ஸுக்கு 1,150, டிஷ், எல்என்பி, ஒயருக்கு 900, மாட்டுகூலி 300, மொத்தம் 2,350. ஒரு வருட ரீசார்ஜை விடக் குறைவு. இதைப் பார்த்ததும் யாருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான், அதனால்தான் அவசரப்பட்டு முதல் பாக்ஸை வாங்கினேன்.

அந்த முதல் பாக்ஸைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 600 ரூபாய். பெயரில்லாத டப்பா, மேலே ஒரு ஸ்டிக்கர், பில் இல்லை. “ஓடும்ணா, நம்பி எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரப் பையன். ஓடத்தான் செய்தது. ஒரு மணி நேரம் ஓடினால் மேல் மூடியில் பப்படம் சுடலாம் போலச் சூடு. அதன் பிறகு ரிமோட் எதை அழுத்தினாலும் அசையாது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி வரும். மூன்றாவது வாரம் குறைந்த மின்னழுத்தத்தில் உயிரையே விட்டது. திரும்பக் கொண்டு போனால் “கரண்டு பிரச்சினைக்கு நாங்க என்னணா பண்றது” என்று பதில். பில் இல்லாதபோது நான் என்ன பேச?

அதைத் திறந்து பார்த்தபோதுதான் சில விஷயங்கள் புரிந்தன. இந்த மலிவு பாக்ஸ்களில் கடையில் கேட்க வேண்டியது பிராண்டு அல்ல, மூன்று கேள்விகள்.

முதலாவது எம்பெக்-2வா, எம்பெக்-4ஆ என்பது. படத்தைச் சுருக்கி அனுப்புகிற முறைகளின் பெயர் அவை. ஃப்ரீ டிஷ்ஷில் நெடுங்காலமாக ஓடுவது பழைய எம்பெக்-2 முறை. அதனால் பழைய பாக்ஸிலும் நிறைய சேனல் வரும், கடைக்காரர் போட்டும் காட்டுவார். ஆனால் எம்பெக்-4 முறையில் வருகிற சேனல்களும் இருக்கின்றன. அவை பழைய பாக்ஸில் பட்டியலிலேயே ஏறாது, ஏறினாலும் கறுப்புத் திரைதான். எம்பெக்-4 பாக்ஸ் இரண்டையும் காட்டும். விலை வித்தியாசம் நாலைந்நூறு ரூபாய். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது பின்பக்கம் என்னென்ன ஓட்டைகள் என்பது. புது டிவிக்கு எச்டிஎம்ஐ போதும். ஆனால் எங்கள் பக்கக் கொட்டாய்களில் 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஒயர் வேண்டும். சில புது பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கும், சிலவற்றில் ஹெட்போன் பின் மாதிரி ஒரே ஓட்டையில் ஏவி வரும், அதற்கான ஒயரைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். வீட்டு டிவியின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

மூன்றாவதுதான் நான் அதிகம் அடித்துச் சொல்வது. பாக்ஸுக்குள்ளேயே கரண்டு சப்ளை இருக்கிற மாடல், வெளியே 12 வோல்ட் அடாப்டர் போடுகிற மாடல் என்று இரண்டு வகை உண்டு. கடையில் உள்சப்ளை மாடலைத்தான் தூக்கிக் கொடுப்பார்கள், ஒயர் நேராகப் பிளக்கில் போகும், பார்க்க அழகு. நம் ஊர்க் காட்டு லைனில் மின்னழுத்தம் மோட்டார் ஓடும்போது 170க்கு இறங்கும், எல்லாரும் மோட்டாரை நிறுத்தியதும் மேலே தாவும். இதில் முதலில் அடி வாங்குவது கரண்டு சப்ளைதான். அது உள்ளே இருந்தால் பெரும்பாலும் பாக்ஸே குப்பைக்குப் போகும். வெளியே இருந்தால் அடாப்டர் மட்டும் போகும். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிருஷ்ணகிரியில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் 12 வோல்ட் அடாப்டர் கிடைக்கும், பின் அளவும் ஆம்பியரும் பார்த்து வாங்கினால் சரி.

இன்னொரு லாபம், 12 வோல்ட் என்றால் பேட்டரியிலும் ஓடும். மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் இல்லாத தோப்பு இப்போது குறைவு. அதற்குள் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதான், 8 ஆம்பியர்-மணி அளவில். பாக்ஸ் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் கீழே. காவல் கொட்டகையில் சோலார் தகடும் 12 வோல்ட் சின்ன டிவியும் வைத்திருக்கிறோம், கரண்டு கம்பியே கிடையாது. ஒரு எச்சரிக்கை: முழு சார்ஜில் பேட்டரி 13 வோல்ட்டைத் தாண்டி நிற்கும், சோலார் சார்ஜ் ஏறும்போது இன்னும் மேலே. நேராகக் கொடுக்காமல் நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் பாக்ஸ் அந்த நொடியே புகைந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் பாக்ஸின் அடியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸுக்கு அது கட்டாயம். என் 600 ரூபாய் டப்பாவில் இல்லை. யூஎஸ்பியில் ரெக்கார்டு, யூடியூப், வைஃபை என்று அட்டையில் அச்சடித்திருப்பதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். யூஎஸ்பியில் பாட்டு கேட்கலாம், அவ்வளவுதான். அதே ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வைப்பது அதைவிட உபயோகம். எங்கள் வீட்டில் பாக்ஸை விட ரிமோட்தான் அடிக்கடி செத்திருக்கிறது.

அடுத்தது டிஷ். புது டிஷ் வாங்கும் முன் கூரையை ஒரு தடவை பாருங்கள். ரீசார்ஜை விட்டுவிட்ட பழைய டிடிஎச் டிஷ் துருப்பிடித்து நின்றுகொண்டிருக்கும். அந்தப் பழைய பாக்ஸ் வேறு எதற்கும் ஆகாது, கம்பெனிக்குக் கம்பெனி பூட்டு. ஆனால் டிஷ்ஷுக்கு யார் பெயர் எழுதியிருந்தாலும் அது ஒரு இரும்புத் தட்டுதான். 93.5 டிகிரிக்குத் திருப்பினால் ஃப்ரீ டிஷ்ஷும் பிடிக்கும். எல்என்பியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பாக்ஸ் மெனுவில் எல்என்பி அலைவரிசையை 9750/10600 என்று வைத்து முயன்று பாருங்கள். நான் இது தெரியாமல் வீட்டுக்குப் புது டிஷ் வாங்கிவிட்டேன், பழையதைப் பிறகு கொட்டகைக்குக் கொண்டு போனோம்.

திசைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மாட்டுகிற பையன் வராத நாளில் உதவும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நின்று பார்த்தால் 93.5 டிகிரி செயற்கைக்கோள் இருப்பது தென்கிழக்கில், போன் காம்பஸில் 127 டிகிரி. உயரம் தரையிலிருந்து 67 டிகிரி, கிட்டத்தட்ட உச்சிக்குப் பக்கம். தட்டைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்து இருப்பதாகத் தெரியாது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிற வடிவம் என்பதால் இருபது, இருபத்தைந்து டிகிரி குறைவாகச் சாய்ந்ததுபோல் நிற்கும். கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். பாக்ஸ் மெனுவில் இரண்டு பட்டை ஓடும். ஸ்ட்ரெங்த் என்கிற பட்டை டிஷ் எங்கே பார்த்தாலும் ஏறி நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. குவாலிட்டி என்கிற பட்டை எழுந்தால்தான் செயற்கைக்கோள் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அது எழுந்த பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பட்டை உச்சத்துக்கு வருகிற இடத்தில் இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பாதிப் பேர் செய்வதில்லை. வெயில் நாளில் படம் தெரிகிறதே என்று விட்டுவிட்டு, முதல் மழைக்கே போன் செய்வார்கள்.

உயரத்தில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி, மரம் அவ்வளவாக மறைக்காது. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம் தென்கிழக்கில் நாலேகால் மீட்டருக்குள் இருந்தால்தான் குறுக்கே வரும். ஏர்டெல் டிடிஎச் வருகிற 108.2 டிகிரி செயற்கைக்கோளுக்கு உயரம் 52 டிகிரிதான், கிட்டத்தட்ட நேர் கிழக்கில். அதே மரம் ஏழரை மீட்டர் தள்ளி இருந்தாலும் மறைக்கும். டாடா பிளே 83 டிகிரியில், கிட்டத்தட்டத் தெற்கே, உயரம் 75 டிகிரி. தென்னந்தோப்புக்குள் வீடு என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம், எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சன் டைரக்ட் விஷயம் கொஞ்சம் சுவாரசியம். அது முதலில் 93.5 டிகிரியில் இன்சாட்-4பி என்ற செயற்கைக்கோளில் இருந்தது. 2010 ஜூலையில் அந்தச் செயற்கைக்கோளின் மின்சக்தியில் கோளாறு வந்து சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது 91.5 டிகிரியில் இருக்கும் மியாசாட் என்ற மலேசியச் செயற்கைக்கோளுக்கு மாறினார்கள். பிறகு ஜிசாட்-15 வந்து 93.5லும் இடம் கிடைத்தது. அதனால் நம் ஊர்க் கூரைகளில் சன் டிஷ்களில் சில இங்கேயும் சில அங்கேயும் பார்த்துக்கொண்டு நிற்கும். 2 டிகிரிதான் வித்தியாசம். 93.5ஐப் பார்க்கிற டிஷ் என்றால் அசைக்காமலே ஃப்ரீ டிஷ் பாக்ஸைச் சொருகிப் பார்க்கலாம். 91.5 என்றால் போல்ட்டைத் தளர்த்திக் கிழக்கே ஒரு பொட்டு நகர்த்த வேண்டும், ஒரு பொட்டு மேற்படாமல்.

மழையைப் பற்றி எல்லா டிடிஎச்சுக்கும் ஒரே பேச்சுதான். 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளி விழுங்கிவிடும். பெருமழை கொட்டும் பத்து இருபது நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடைந்து போகும், பிறகு வரும். அதை முழுதாகத் தவிர்க்க முடியாது. 60 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதில் 75 போட்டால் போவது குறையும். ஒகேனக்கல் பக்கம், தொப்பூர் மலையோரம் இருப்பவர்கள் குரங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பெரிய தட்டு என்றால் அதற்கு நல்ல ஊஞ்சல். இன்னொன்று, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை பதினோரு மணி வாக்கில் சில நிமிடம் படம் தானாகப் போய்வரும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அப்படி. பாக்ஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஃப்ரீ டிஷ்தான் என்று முடிவு செய்யலாம். நானும் செய்தேன். இரண்டாவது பாக்ஸாக எம்பெக்-4, 12 வோல்ட் அடாப்டர், ஏவியும் எச்டிஎம்ஐயும் உள்ள மாடலை 1,150 ரூபாய்க்குப் பில்லோடு வாங்கி வீட்டில் மாட்டினேன். படம் தெளிவு, சூடில்லை, சேனல் மாற்றினால் ஒரு நொடியில் மாறுகிறது. முதல் நாள் அப்பா டிடி கிசானை, அந்த இந்தி விவசாயச் சேனலை, வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மொழி புரியாவிட்டாலும் தக்காளி தக்காளிதானே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்துக் கொட்டாய்க்குச் சீரியல் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் நாளும். இருட்டில் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறார் என்று அப்பா போனில் சொன்னபோது, மாதம் 240 ரூபாய் மிச்சம் என்ற என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரிந்தது.

ஆகவே மறுபடி கட்டண டிடிஎச். ஆனால் இந்தத் தடவை பேக்கை அப்படியே ஏற்கவில்லை. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி சேனலைத் தனித்தனியாகவும் வாங்கலாம், இது பலருக்கு இன்னும் தெரியாது. அப்போது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அம்மா உண்மையில் பார்ப்பது எத்தனை சேனல் என்று ஒரு வாரம் கவனித்தேன். மூன்று. சீரியலுக்கு இரண்டு, பழைய பாட்டுக்கு ஒன்று. செய்திச் சேனல்கள் இலவசப் பட்டியலில் வந்துவிடுகின்றன. ஸ்போர்ட்ஸ், குழந்தைகள், ஆங்கிலம் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னேன். கஸ்டமர் கேரில் இருந்த பெண் “இந்த பேக்கில் இன்னும் 40 சேனல் வருது சார், வெறும் 30 ரூபாய்தான் கூட” என்று மூன்று தடவை சொன்னார். வேண்டாம் என்று நாலு தடவை சொன்னேன். மாதம் 190க்கு இறங்கியது.

வாங்கிய ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வீணாகவில்லை. அது காவல் கொட்டகைக்குப் போயிற்று, பழைய துருப்பிடித்த டிஷ்ஷோடு. காயைப் பார்த்துக்கொண்டு அப்பா இருக்கும் மூன்று மாதத்துக்குக் கட்டண டிடிஎச் இரண்டாவது கனெக்ஷன் போடுவது முட்டாள்தனம், மற்ற ஒன்பது மாதம் அது சும்மா கிடக்கும். ரீசார்ஜ் இல்லாத பாக்ஸ் சும்மா கிடந்தால் நஷ்டமில்லை. சீசன் முடிந்ததும் கழற்றித் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிடுவோம்.

இதுவே வேறு வீடாக இருந்தால் வேறு முடிவுதான். ஊத்தங்கரையில் இருக்கும் என் மாமா வீட்டில் சீரியல் பார்க்க ஆளே இல்லை. அத்தைக்குப் பக்திச் சேனலும் டிடி தமிழும் போதும், மாமாவுக்குக் கிரிக்கெட். அவர்களுக்கு ஃப்ரீ டிஷ் பாக்ஸையே வாங்கிக் கொடுத்தேன், ஒரு குறையும் வரவில்லை. ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கும் நண்பனுக்கு ஏற்கெனவே பைபர் லைன் இருந்தது, அவனிடம் டிஷ்ஷே வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் வீடு மாறினால் தட்டைக் கழற்றி மாட்டுகிற கூலியே ஐந்நூறு.

கொட்டகை பாக்ஸில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஏப்ரலில் பட்டியல் மாறும்போது சேனலைத் திரும்பத் தேட வைக்க வேண்டும். மெனு, இன்ஸ்டாலேஷன், ஆட்டோ ஸ்கேன் என்ற மூன்று படியையும் எந்தப் பொத்தான் என்று படம் போட்டு, ரிமோட்டின் பின்பக்கம் பிளாஸ்டர் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். அப்பா அதை ஏற்கெனவே ஒரு தடவை உரித்துவிட்டார், பேட்டரி மூடி திறக்கவில்லை என்று.